நாய்க்கு என்ன போடுவது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஆம்பூர்க் கடைவீதி வழியாக நடந்து போகிறவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். அந்த வேளையில் அங்கே பசியில்லாத மனிதனும் கிடையாது. பசியுள்ள நாயும் கிடையாது. சீரகச் சம்பா அரிசியும் ஆட்டு மாமிசமும் சேர்ந்து வெந்த பிரியாணியின் வாசனை பெங்களூர்ச் சாலை வரையில் வந்து வழி மறிக்கிறது. சாப்பாட்டுக் கடைகளின் பின்புறத்தில் எலும்பும், கத்தரிக்காயும், வெங்காயப் பச்சடியும் கலந்த எச்சில் இலைகள் வந்து விழுகின்றன. அவற்றைச் சுற்றி நாலு கால் பிரஜைகளின் மகாநாடு கூடுகிறது.

இந்த மகாநாட்டைப் பார்த்துவிட்டுத்தான் நம்மில் பலர், "நாய்க்கு எதைப் போட்டால் என்ன? கல்லைத் தின்றாலும் அதற்குச் செரிக்கும்" என்று தீர்மானித்திருக்கிறார்கள். வேறு சிலர் இதற்கு நேர் எதிர். பளபளப்பான பாக்கெட்டில் வந்த தீனியைத் தவிர மற்றதெல்லாம் விஷம் என்று அவர்கள் கருதுகிறார்கள். இரண்டு கட்சிக்கும் நடுவே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள்தான் அதிகம். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரையில் பாலாற்றங்கரையோரம் உள்ள தோல் ஊர்களில் நமக்குப் பழக்கமான வீடுகள் சிலவற்றில், "நாயின் ஆகாரத்தை எப்போது மாற்றினீர்கள்? ஏன் மாற்றினீர்கள்?" என்று விசாரித்துப் பார்த்தோம்.

ஷூ தொழிற்சாலையில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர், பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருந்த நாயின் ரோமம் தம் வீட்டு நாயின் ரோமத்தைவிட அதிகமாகப் பளபளத்ததால் மாற்றினாராம். அச்சடித்த மை பளபளக்காமல் என்ன செய்யும்? மற்றொரு வீட்டில் விலை ஏறிவிட்டது, ஆகவே மாற்றினார்கள். காரணங்களிலெல்லாம் யோக்கியமான காரணம் இதுதான் என்பது நம் அபிப்பிராயம். மூன்றாவது வீட்டில், பெங்களூரில் வாழ்க்கைப்பட்ட பெண், "அங்கேயெல்லாம் நாய்க்குச் சாதமே போடுவதில்லை" என்று சொன்னாள். அன்றே சாதம் நின்றது. நாலாவது வீட்டுக் கதைதான் ரசமானது. நாய் ஒரு வேளை தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. வீட்டு அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. வேறு பாக்கெட் வாங்கினாள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே கதை. ஐந்து விதத் தீனி மாறிய பிறகு, உண்ணாவிரதம் இருந்தால் கோரிக்கை நிறைவேறும் என்ற அரசியல் ஞானம் அந்த நாய்க்கு நன்றாக வந்துவிட்டது.

இத்தனை வீடுகளிலும் யாரும் நாயின் எடையைப் பார்த்து முடிவு செய்யவில்லை. காலையில் அது போகும் மலத்தைப் பார்த்து முடிவு செய்தவரும் இல்லை. இதைச் சொல்லி நாம் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. நம் வீட்டு யோக்கியதையும் அப்படித்தான் இருந்தது.

நம் வீட்டு நாயின் பெயர் மணி. ஜாதி நாய் அல்ல. மழைக்காலத்து இரவு ஒன்றில் வாசல் திண்ணையில் வந்து நடுங்கிக்கொண்டு நின்ற நாட்டு நாய்க்குட்டி. நம் வீடு சைவ வீடு. அம்மா தயிர்ச் சாதத்தைப் பிசைந்து கையால் ஊட்டினாள், அது தின்றது, வளர்ந்தது. இரண்டு வயதில் அதன் விலா எலும்புகளை ஒன்று, இரண்டு என்று எண்ணும்படியாக இருந்தது. ரோமம் உதிர்ந்தது. ஓயாமல் சொறிந்துகொண்டது. "தயிர்ச் சாதம்தான் காரணம்" என்று அண்டை வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். அன்று மாலையே பெரிய பாக்கெட் ஒன்று வாங்கி வந்து, இரவு தட்டு நிறையக் கொட்டினோம். மணி ஆவலோடு தின்றது. நாமும் கடமையை முடித்த திருப்தியுடன் தூங்கினோம்.

மறுநாள் காலையில் கொல்லைப்புறம் இருந்த நிலையைப் பத்திரிகையில் எழுதுவது மரியாதையல்ல. மூன்றாம் நாள் மணி எழுந்திருக்கவே இல்லை. கண் குழிந்து, ஈறு உலர்ந்து, கூப்பிட்டால் வாலின் நுனியை மட்டும் அசைத்தது. அதைத் துணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் நரம்பில் ஊசி குத்தி உப்பு நீர் ஏற்றிக்கொண்டே விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடித்ததும், "ஸார், முதல் வகுப்புப் பையனை மறுநாளே பத்தாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பீர்களா?" என்றார்.

வைத்தியர் சொன்ன கணக்கு இது. முதல் இரண்டு மூன்று நாள் பழைய ஆகாரம் முக்கால் பங்கு, புதியது கால் பங்கு. பிறகு பாதிக்குப் பாதி. பிறகு புதியது முக்கால் பங்கு. ஏழு முதல் பத்து நாளில் முழு மாற்றம். நாயின் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. தினமும் வருகிற ஆகாரத்துக்குத் தக்கபடி அவற்றின் கூட்டம் அமைந்திருக்கிறது. ஒரே இரவில் ஆகாரம் முழுவதும் மாறினால் அந்தக் கூட்டம் நிலை குலைகிறது, செரிக்காத பண்டம் பெருங்குடலில் நீரை இழுக்கிறது, பேதி காண்கிறது. நடுவில் மலம் இளகினால் ஒரு படி பின்வாங்கி, இரண்டு நாள் பொறுத்து, மறுபடியும் ஏற வேண்டும்.

சொறிக்குக் காரணம் என்ன? வைத்தியர் மணியின் காதை மடித்துக் காட்டினார். உள்ளே மூன்று உண்ணிகள் சுகமாக வீற்றிருந்தன. ஆகாரம் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வருவதும் உண்டுதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க, நாய் அதுவரையில் தின்றிராத ஒரே வகைப் புரதத்தை மட்டும் குறைந்தது எட்டு வாரம் கொடுத்து, பிறகு பழைய ஆகாரத்தை மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். அந்த எட்டு வாரத்தில் குழந்தை ஒரு பிஸ்கத்து எறிந்தாலும் சோதனை கெட்டது. அண்டை வீட்டுக்காரரின் தீர்ப்பு எட்டு விநாடியில் வந்துவிட்டது.

இவ்வளவு ஆன பிறகு தயிர்ச் சாதத்தின் கட்சியையும் கேட்பதுதான் நியாயம். நாய் மாமிச பட்சணி, அதற்குச் சாதம் ஆகவே ஆகாது என்று சொல்கிறவர்கள் ஓநாயை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஸ்வீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2013-ஆம் ஆண்டில் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். மாவுப் பண்டத்தைச் செரிக்கச் செய்யும் அமிலேஸ் என்னும் சுரப்புக்குரிய ஜீன், ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருக்கிறது. நாயிடமோ நாலு முதல் முப்பது வரையில் இருக்கிறது. மனிதன் உழுது பயிரிட்டுத் தின்ன ஆரம்பித்த நாளில் அவன் மிச்சத்தைத் தின்று பக்கத்தில் படுத்துக்கொண்ட பிராணி அது. அதன் குடலும் அவனோடு சேர்ந்து மாறியிருக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் தெற்கத்திச் சீமை பெயர் பெற்ற நாய்களெல்லாம் கூழ் கண்ட நாய்கள்தாமே?

ஆனால் செரிப்பது வேறு, போதுவது வேறு. பத்துக் கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி வேண்டும். அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கத்தின் அளவுப்படி அதில் குறைந்தது 27 கிராம் புரதம் இருக்க வேண்டும். நானூறு கிராம் சாதமும் நூறு கிராம் தயிரும் பிசைந்து வைத்தால் கலோரி சரியாக வந்துவிடும். புரதமோ 14, 15 கிராமுக்கு மேல் தேறாது. சுண்ணாம்புச் சத்து வேண்டிய அளவில் ஏறக்குறைய கால் பங்குதான். வயிறு நிறைகிறது, நாய் திருப்தியாகத் தூங்குகிறது, விலா எலும்பு மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிறது. மாவுப் பண்டம் ஆகாது என்ற கட்சிக்குத் தயிர்ச் சாதத்தின் மேல் உள்ள கோபம் தவறு. ஆனால் மணியின் விலா எலும்பு பொய் சொல்லவில்லை.

இரண்டு முட்டை சேர்த்தால் புரதக் கணக்கு நேராகிவிடும் என்றார் வைத்தியர். சுண்ணாம்புச் சத்துக்கு அளவு பார்த்துத் தூள் எழுதித் தந்தார். சைவ வீட்டில் முட்டைக்கு எங்கே போவது? அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். இங்கேதான் பாக்கெட் நமக்குக் கைகொடுத்தது. அதன் ரகசியத்தை நேயர்களிடம் ஒப்புக்கொண்டுவிடுவோம். பாக்கெட்டுக்குள் இருப்பது கோழி மாமிசமும் ஈரலும்தான். ஆனால் அது காய்ந்த சுண்டல் போல உருண்டை உருண்டையாக இருக்கிறது. கண்ணுக்கு மாமிசமாகத் தெரிவதில்லை. அடுப்பில் வேக வைக்க வேண்டியதில்லை. எத்தனையோ சைவ வீடுகளில் நாயின் ஆகாரத்தை மாற்றுவதற்கு உண்மையான காரணம் இதுதான் என்பது நம் துணிபு. போஷாக்கு, மருத்துவம் என்பதெல்லாம் பிறகு சேர்த்துக்கொள்ளும் வியாக்கியானம்.

பாக்கெட் தீனியின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. 1860-ஆம் ஆண்டை ஒட்டி ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் இடிதாங்கி விற்பதற்காக லண்டனுக்குப் போனார். துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த கெட்டி பிஸ்கத்தைத் தெருநாய்கள் கடித்துத் தின்பதைக் கண்டு அவருக்கு யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். கோதுமை மாவு, காய்கறி, உலர்ந்த மாமிசம் எல்லாம் சேர்த்து நாய் பிஸ்கத்துச் செய்தார். வாங்கியவர்கள் வேட்டை நாய் வைத்திருந்த ஆங்கிலப் பிரபுக்கள். இடிதாங்கி வியாபாரம் என்ன ஆயிற்றோ, நாய் பிஸ்கத்து உலகத்தைப் பிடித்துக்கொண்டது.

சீமைச் சரக்கு என்பதால் மட்டும் நம்பிவிடவும் முடியாது. 2007-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வட அமெரிக்காவில் ஏறத்தாழ 6 கோடி டப்பாக்களையும் உறைகளையும் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசையில், புரதம் அதிகம் இருப்பதாகச் சோதனையில் தோன்றும்படி, மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்தன. பிறகு, தானியமே இல்லாத தீனிதான் உசத்தி என்ற மோகம் கிளம்பியது. 2018-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அப்படிப்பட்ட சில தீனிகளுக்கும் நாய்களின் இருதயத் தசை தளர்ந்து போகும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று விசாரிக்கத் தொடங்கியது. காரணம் இன்னதென்று முடிவாக நிலைநாட்டப்படவில்லை. இருந்தாலும், பருப்பும் பட்டாணியும் போட்டு அரிசியை விலக்கியதற்காக அதிக விலை கொடுத்தவர்கள் சற்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

பாக்கெட்டோடு கூட நாம் ஓர் எலும்பும் வாங்கியிருந்தோம். வெள்ளை வெளேரென்று, இரு முனையிலும் முடிச்சுப் போட்டது. நாய் கடித்து விளையாடினால் பல்லுக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னார். உறையின் மேல் ஆங்கில எழுத்து. அம்மாவிடம், "இது பல் தேய்க்கிற கட்டை மாதிரி" என்று சொல்லிவைத்தோம்.

ஒரு நாள் மாலை நம்மிடம் பத்தாம் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவன் நோட்டுப் புத்தகம் வாங்கிப் போக வந்தான். திண்ணையில் மணி அந்த எலும்பைக் கவ்விக்கொண்டு கிடந்தது. பையன் குனிந்து பார்த்தான். முகம் மலர்ந்தது.

"சார், இது எலும்பு இல்லே சார். தோல். எங்கப்பா மிஷின்லேதான் இதைப் பிளப்பாங்க."

அம்மா உள்ளே இருந்தாள். ஊஞ்சல் சங்கிலிச் சத்தம் நின்றது.

பையன் மேலும் சொன்னான். வகுப்பில் வாய் திறக்காத பையன் அன்று நமக்குப் பாடம் நடத்தினான். உப்பிட்ட மாட்டுத் தோலை முதலில் நீரில் ஊற வைக்கிறார்கள். பிறகு சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த நீரில் போட்டால் ரோமம் கழன்றுவிடுகிறது. உட்புறத்துச் சதையை மிஷினில் சுரண்டிய பிறகு, கனத்த தோலை இரண்டு படலமாகப் பிளக்கிறார்கள். மேல் படலம் குரோம் ஏற்றிப் பதனிடப்பட்டு ஷூவாகிறது. கீழ்ப் படலம்தான் வஜ்ஜிரப் பசைக்கும், ஜெலட்டினுக்கும், நாய் கடிக்கும் இந்தப் பண்டத்துக்கும் போகிறது. நாய்க்குப் போவதைக் குரோம் ஏற்றுவதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். சுண்ணாம்பு போகக் கழுவி, வெளுத்து, முறுக்கி, முடிச்சிட்டுக் காய வைக்கிறார்கள். நம் தேசத்திலிருந்து இந்தச் சரக்கு அமெரிக்கா வரையில் கப்பலேறிப் போகிறது.

நமக்கு வெட்கமாக இருந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் முதல் இந்தச் சீமை பிழைத்துவருவது இந்தத் தொழிலால். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் பரீட்சித்ததும், 1948-ல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டதும், 1970-களில் பச்சைத் தோல் வெளியே போகாதபடி சர்க்கார் தடுத்து, பாதி பதனிட்ட தோல் போவதையும் கட்டுப்படுத்தி, இங்கேயே செருப்பாக முடியச் செய்ததும் நமக்குப் பாடமாகத் தெரியும். பாலாற்றில் கழிவு கலந்ததைப் பற்றி 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பையும் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். ஆனால் நம் திண்ணையில் கிடந்த துண்டு, நம் மாணவனின் தகப்பனார் தினமும் நின்று செய்யும் வேலை என்பது தெரியாமல், உறையில் ஆங்கிலம் இருந்ததால் சீமையிலிருந்து வந்ததாக எண்ணியிருந்தோம்!

"கடிக்கலாம் சார், முழுங்க விடக்கூடாது. ஊறினா பெரிசாகிடும்" என்று பையன் எச்சரித்தான். அது வாஸ்தவமே. பெரிய துண்டை விழுங்கிய நாய்க்குத் தொண்டையோ குடலோ அடைத்து, அறுத்து எடுக்கும்படி நேருவதுண்டு. இதைப் போன்ற மற்றொரு பண்டமான பன்றிக் காதினால் 2019-ல் அமெரிக்காவில் சால்மனெல்லா கிருமி பரவி, நூறு பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். நோயில் விழுந்தவர்கள் மனிதர்கள். தொட்ட கையைக் கழுவாதது முக்கியமான குற்றம்.

மணி அதை விழுங்கும் ரகம் என்று தெரிந்ததும் எலும்பை எடுத்துப் பரணில் போட்டோம். அதன் பிறகு அம்மா இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், "ஏண்டா, கட்டை, சுண்டல்னு என்னை ஏமாத்தினது போதும். அது மாமிசம் தின்கிற பிராணின்னா தின்னட்டும். எனக்குத் தெரிஞ்சு தின்னட்டும். கொல்லையிலே தனி அடுப்பு வை" என்றாள். தனி அடுப்பு வைத்தோம். முட்டை வேகவைக்க ஒரு பழைய ஈயப் பூசிய பாத்திரம் ஒதுக்கப்பட்டது. அதற்கு மணிப் பாத்திரம் என்று பெயர்.

இந்த இடத்தில் 1926-ஆம் ஆண்டு நடந்த ஒரு விவாதம் ஞாபகத்துக்கு வருகிறது. ஆமதாபாத்தில் ஒரு மில் முதலாளி, தம் ஆலை எல்லையில் திரிந்த அறுபது தெருநாய்களைக் கொல்லச் செய்தார். கூக்குரல் எழுந்தது. மகாத்மா காந்தியோ அந்தச் செயலைக் கண்டிக்க மறுத்து, 'யங் இந்தியா'வில் வரிசையாகக் கட்டுரை எழுதினார். அவருக்கு வந்த கோபக் கடிதங்களுக்குக் கணக்கில்லை. கொல்லலாமா என்ற அவருடைய முடிவை இன்று ஒப்புக்கொள்ளாதவர்கள் பலர். நாமும் அவர்களில் சேர்ந்தவர்களே. ஆனால் அவர் சொன்ன மற்றொரு பகுதி நம் வீட்டு வாசலுக்கு நேராக வருகிறது. போகிற போக்கில் தெருநாய்க்கு மிச்சத்தை எறிவது தயை ஆகாது, தயை உள்ளவன் ஒரு நாயை வீட்டில் வைத்து முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

மிச்சம் எறிவதிலேயே ஆபத்தும் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களைச் சிதைக்கும். ஆகவே, பிரியாணிக்குத் துணையாக வரும் பச்சடி நாய்க்கு எதிரி. வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். சைவ வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார வேண்டாம். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் போடுகிறோமே உலர்ந்த திராட்சை, அது சில நாய்களின் சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். எந்த நாய்க்கு எத்தனை பழம் என்ற கணக்கும் இல்லை. பண்டிகை நாளில் பிரியமாக ஒரு கரண்டி வைக்கும் கை, அதைப் பொறுக்கி எடுத்துவிட்டாவது வைக்க வேண்டும்.

இப்போது மணிக்குக் காலையில் பாக்கெட் தீனி, ஒரு டம்ளர் அளந்து. இரவில் சாதம், பருப்பு, வெந்த முட்டை, மேலே வைத்தியர் எழுதித் தந்த தூள், ஒரு கை தயிர். இந்த ஏற்பாட்டுக்குப் படிப்படியாக வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. நடுவில் ஒரு முறை பின்வாங்கினோம். மாதம் ஒரு தடவை அதைத் தூக்கிக்கொண்டு அரிசிக் கடைத் தராசில் ஏறி நிற்கிறோம். பிறகு நம்முடைய எடையை மட்டும் பார்த்துக் கழித்துக்கொள்கிறோம். கடைக்காரருக்கு இது ஒரு வேடிக்கை. விலா எலும்பு தொட்டால் தட்டுப்படுகிறது, பார்த்தால் தெரிவதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

அம்மா இன்னும் முட்டையைத் தொடுவதில்லை. கரண்டியால் உடைத்துச் சாதத்தில் மறைத்துப் பிசைகிறாள். மணி முதலில் மூக்கால் துழாவி முட்டையைத் தேடி எடுத்துத் தின்றுவிட்டு, சாதத்தைப் பிறகு பார்த்துக்கொள்கிறது.